பாட்டர் தெருவின் வெள்ளை விரிப்பு

பத்தொன்பது வருடங்களில் நாற்பத்தொரு பேர் அந்த விரிப்பில் கிடந்தார்கள். முதலில் கிடந்தது எட்டு மாதக் கைக்குழந்தை. கடைசியில் கிடந்தது நாலு வயதுப் பெண்குழந்தை. இடைப்பட்டவர்களில் கிழவர்கள் உண்டு, பிரசவத்தில் போன பெண்கள் உண்டு, மில்லில் அடிபட்டவர்கள் உண்டு. எல்லோரையும் குளிப்பாட்டி, தலைவாரி, கைகளை நெஞ்சில் சேர்த்துக் கிடத்தியவள் ஒருத்திதான். கெசையா கிரிம்ஷா.

எங்கள் ஊரான ஹெப்பில்டனில் நெசவு மில்கள் பதினான்கு. பாட்டர் தெரு மூன்றாவது மில்லின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. 1862இல் அமெரிக்காவில் சண்டை நடந்து பருத்தி வராமல் போனபோது பதினான்கும் மூடின. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. படுக்கை விரிப்புகள் முதலில் போயின. அந்தக் குளிர்காலத்தில் செத்தவர்களைக் கிடத்த ஒரு நல்ல துணி எந்த வீட்டிலும் இல்லை. கெசையாவின் மகன் ஈனொக் அப்போதுதான் செத்தான். மேசையின் வெறும் பலகையில் குழந்தையைப் போட்டிருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரிகள் அன்றைக்கே கூடினார்கள். பன்னிரண்டு பேர். ஒருத்தியிடம் அடகுக்குப் போகாமல் தப்பிய லினன் துணி இருந்தது. இன்னொருத்தி தன் கல்யாண உடுப்பிலிருந்து லேஸ் பின்னலைப் பிரித்துக் கொடுத்தாள். ஒரே நாளில் தைத்து முடித்தார்கள். பெரிய விரிப்பு ஒன்று, லேஸ் கரை வைத்த தலையணை உறைகள் இரண்டு.

ஈனொக்கைப் புதைத்த பிறகு விரிப்பு கெசையாவிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவளும் இழுப்பறையில் லாவெண்டர் பூ போட்டு வைத்துக்கொண்டாள். தெருவில் யார் செத்தாலும் கதவைத் தட்டுவார்கள். அவள் விரிப்பைக் கையில் போட்டுக்கொண்டு போவாள்.

அதற்கென்று முறைகள் வந்து சேர்ந்தன. லேஸ் கெட்டுவிடும் என்பதால் அந்தத் துணியைக் கொதிக்க வைக்கக் கூடாது. மழைத்தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையால்தான் கசக்க வேண்டும். சாவு வீட்டுக்காரர்களே துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பித் தர வேண்டும். மடித்து வந்ததை கெசையா பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்துப் பார்ப்பது அந்த வீட்டை அவமதிப்பது. கறை போகவில்லையா என்று ஒரு தாயிடம் கேட்பது போல ஆகும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பாட்டர் தெருவில் பத்துக் கட்டளைகளை மீறியவர்களைக்கூட மன்னித்திருக்கிறார்கள், இதை மீறியவர்கள் கிடையாது.

1876இல் நகராட்சியின் சுகாதாரக் குழு வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஒரு பெண்ணைத் தேடியது. சாக்கடை, கக்கூஸ், படுக்கை எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண் அதிகாரி போனால் பெண்கள் கதவைத் திறப்பதில்லை. கெசையாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, எழுதப் படிக்கத் தெரியும். தெரு முழுக்க அவளுக்குத் திறக்கும் என்பதும் குழுவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கையில் நோய்த்தொற்றை ஒழிக்கும் கார்பாலிக் தூள் டப்பா, மறு கையில் சுண்ணாம்பு வாளி. காய்ச்சல் கண்ட வீட்டில் துணிகளைக் கொதிக்க வைக்கச் சொல்லுவாள். ஜன்னலைத் திறக்கச் சொல்லுவாள்.

"ஜன்னலத் தொறந்தா குளிர் வருதே, கெசையா."

"குளிர் வரட்டும். பொணப்பெட்டி வர்றதுக்கு அது தேவலை."

இப்படித்தான் பேசுவாள். அதனாலேயே கேட்டார்கள்.

1881 அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, மூன்றாம் எண் வீட்டில் ஆறு வயது ஃபீபி ஆஸ்பின், தொண்டை வீங்கி உடம்பு சிவக்கும் செங்காய்ச்சலில் செத்தாள். தாய் ஹாரியட் ஆஸ்பின், தறி ஓட்டுகிறவள், முப்பது வயது. கெசையாவை அக்கா என்று கூப்பிடுகிறவள். மூத்தவன் காய்ச்சல் வந்து பிழைத்துக்கொண்டான். சின்னவள் பிழைக்கவில்லை.

கெசையா விரிப்போடு போனாள். ஃபீபியைக் கிடத்தினாள். ஞாயிற்றுக்கிழமை வரை குழந்தை முன்னறையில் கிடந்தாள். தெருவே வந்து பார்த்தது. செத்தவர் நெற்றியைத் தொட்டால் கனவில் வர மாட்டார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், அதனால் எல்லோரும் தொட்டார்கள். புதைத்துவிட்டு வந்ததும் கெசையா ஹாரியட்டை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"இது காய்ச்சல் வீடு, ஹாரியட். வெறும் சோப்பு பத்தாது. கார்பாலிக் தண்ணியில ஒரு பகல் ஒரு ராத்திரி ஊறப் போட்டுரு. அப்புறம் கசக்கு."

"சரிக்கா."

"நான் வேணா எடுத்துட்டுப் போகவா?"

"வேணாம்க்கா. எம் பொண்ணு கெடந்தது. நானே செய்றேன்."

வெள்ளிக்கிழமை விரிப்பு வந்தது. மடிப்புக் கலையாமல், வெள்ளையாக. கெசையா அதை இழுப்பறையில் வைத்தாள். பிரிக்கவில்லை.

அடுத்தது பதினோராம் எண் வீடு. ஜேபஸ் ரிக்பி என்ற கிழவர் நெஞ்சுச் சளியில் போனார். எழுபத்தொன்பது வயது. பெரிய துக்கம் இல்லை. சாவு வீட்டில் பன்றித் தொடைக்கறியும் பீரும் தாராளமாகவே ஓடின. கிழவர் அந்த விரிப்பில் ராஜா மாதிரி இருக்கிறார் என்று மகள் சொன்னாள். ஐந்தாம் நாள் அவள் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தொண்டை வீங்கியது. நவம்பர் நாலாம் தேதி அவள் மகன் அதே விரிப்பில் கிடந்தான்.

அதற்குள் ஊரில் பல இடங்களில் காய்ச்சல் கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. நவம்பர் நடுவில் செத்த குழந்தைகள் எட்டு. ஊர் சும்மா இருக்குமா? யாராவது ஒருவன் காரணமாக இருந்தாக வேண்டும்.

சுகாதார அதிகாரி டாக்டர் பென்ரோஸ் இளைஞர், லண்டனில் படித்தவர், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காய்ச்சல் கெட்ட நாற்றத்தில் பிறக்கிறது என்று குழுவில் இருந்தவர்கள் சொன்னபோது அவர் சிரித்தார். பாலில் வரும் என்றார். புதிதாக அப்படி நாலைந்து ஊர்களில் கண்டுபிடித்திருந்தார்கள். அவர் பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டி, காய்ச்சல் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசி குத்தினார். எந்த வீட்டுக்கு யார் பால் ஊற்றுகிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லி கெசையாவை அனுப்பினார்.

அவள் கேட்டு எழுதிக் கொடுத்தாள். பத்தொன்பது வீடுகளில் பதினைந்து வீடுகளுக்குப் பால் ஊற்றியது ஏமோஸ் ஷார்பிள்ஸ். மேட்டு நிலத்தில் பதினோரு பசு வைத்திருந்தவன். அவன் மகளுக்கு அந்த மாதம் தொண்டை வலி இருந்ததும் தெரிய வந்தது. அந்தப் பெண்தான் பால் கறக்கிறவள்.

"மத்த நாலு வீடு?" என்று கெசையா கேட்டாள்.

"பக்கத்து வீட்டுல ஒரு குவளை வாங்கிக் குடிச்சிருப்பாங்க. யாரு கணக்கு வச்சா?" என்றார் டாக்டர்.

நான் வேலை பார்க்கும் ஊர்ப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. 'பாலில் மரணமா?' என்று தலைப்பு. கேள்விக்குறி இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷார்பிள்ஸின் வண்டி பாட்டர் தெருவுக்குள் வந்தபோது அறுபது எழுபது பெண்கள் நின்றார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள், மில் சங்கு ஊதியும் போகவில்லை. மரச்செருப்புகளைக் கல்லில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரிக்பியின் மகள் வண்டியின் முன்னால் வந்தாள்.

"என்ன ஏமோஸ், இன்னிக்கு யாரு பிள்ளைக்குக் கொண்டு வந்திருக்க?"

"நல்ல பாலும்மா. என் பிள்ளைங்களும் அதைத்தான் குடிக்குது."

"உம் பிள்ளைங்க உசுரோட இருக்கு. எம் பிள்ளை எங்கடா?"

யார் முதல் கேனைக் கவிழ்த்தார்கள் என்று பிறகு கேட்டால் எழுபது பேருக்கும் ஞாபகம் இல்லை. பால் கல்லிடுக்குகளில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. ஷார்பிள்ஸ் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருத்தி அவன் தொப்பியைத் தட்டிவிட்டாள். அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் பால் விற்கும் பதிவை ரத்து செய்வது பற்றி அடுத்த வியாழக்கிழமை குழு முடிவு செய்யும் என்று அன்று மாலை அறிவிப்பு ஒட்டினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, கால்வாய்ச் சந்தில் ஒரு குழந்தை செத்தது. கெசையாவுக்கு ஆள் வந்தது.

அந்த வீட்டை அவளுக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன்னால் அங்கே போயிருந்தாள். சாமுவேல் நட்டல் என்பவன் மில்லில் இயந்திரத்தைச் சுழற்றும் தோல்வாரில் சிக்கிச் செத்தபோது விரிப்பைக் கொண்டுபோனவள் அவள்தான். சந்து ஊரின் மறுகோடியில் இருக்கிறது. ஆனாலும் நட்டல் பாட்டர் தெருவில் பிறந்தவன், அந்த உரிமையில் கேட்டிருந்தார்கள். புதைத்த மறுநாள் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல். பெரியவன் தேறிவிட்டான். நாலு வயது ஏடா தேறவில்லை. வீட்டில் நோயாக இருந்ததால் விரிப்பு இன்னும் திருப்பி வரவில்லை. துவைத்துக் கொடியில் கிடந்தது. கெசையா அதையே எடுத்து விரித்து ஏடாவைக் கிடத்தினாள்.

தலையைச் சீவிக்கொண்டே, டாக்டரின் பட்டியலுக்காகக் கேட்டாள்.

"உங்களுக்கு யாரு பால் ஊத்துறாங்க?"

நட்டலின் மனைவி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே மூன்று டின்கள் இருந்தன, கடையில் விற்கும் கெட்டிப் பால்.

"நாங்க பாலே வாங்கறதில்ல. இந்தச் சந்துல யாரும் வாங்கறதில்ல. டீயில இதைத்தான் கலக்குவோம்."

"பக்கத்து வீட்டுல எங்கயாவது குடிச்சிருக்குமா?"

"எங்க போகும்? அவர் போன நாள்லேர்ந்து ஜன்னல் திரையைக்கூட நான் தூக்கல. பிள்ளைங்க வாசப்படி தாண்டல."

"பள்ளிக்கூடம்?"

"ஏடாவுக்கா? நாலு வயசு, கெசையா."

"யாராவது வந்தாங்களா?"

அவள் யோசித்தாள். அவள் எதையும் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"மில்லிலேர்ந்து பெட்டியத் தூக்க நாலு ஆம்பளைங்க வந்தாங்க. அவங்க வாசலோட சரி. உள்ள வந்தது நீதான். நீயும் இந்தத் துணியும்."

கெசையா சீப்பைக் கீழே வைத்தாள்.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தத் தேதியில் எந்த வீட்டுக்குப் போனாள் என்று சுகாதாரக் குழுவுக்காக எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் எண், அக்டோபர் பன்னிரண்டு. பதினோராம் எண், அக்டோபர் இருபத்துநாலு. அங்கே கிழவருக்குக் காய்ச்சல் இல்லை. விரிப்பு போன ஐந்தாம் நாள் பிள்ளைகளுக்கு வந்தது. கால்வாய்ச் சந்து, நவம்பர் ஒன்பது. அங்கே நட்டலுக்குக் காய்ச்சல் இல்லை. ஐந்தாம் நாள் பிள்ளைகளுக்கு வந்தது. ரிக்பி பையன் பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தான் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். மற்ற வீடுகள் அங்கேயிருந்து வரிசையாக வந்தன.

பாலைக் குற்றம் சொல்லி வரைபடத்தில் குண்டூசிகள் குத்தப்பட்டிருந்தன, குத்துவதற்கு அவள்தான் விவரம் கொடுத்திருந்தாள். தூள் டப்பாவை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையில் காய்ச்சலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஆனால் ஒன்று இடித்தது. கார்பாலிக்கில் ஒரு நாள் ஊறிய துணியில் நோய் தங்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஊறிய துணி எப்படி நாறும் என்று அவளுக்குத் தெரியும், ஒரு மாதமானாலும் அந்த வாடை போகாது. ஹாரியட் கொடுத்த அன்று விரிப்பில் என்ன வாசனை வந்தது? லாவெண்டர். லாவெண்டர் மட்டும்தான். அன்றைக்கே மூக்கில் பட்டது. ஆனால் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது முறை.

திங்கட்கிழமை துவைக்கும் நாள். பாட்டர் தெருவின் குறுக்கே கொடிகள் கட்டி ஈரத்துணி தொங்கியது. ஹாரியட் வீட்டுக்கு வெளியே தொட்டியில் துணி குத்திக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சிவந்திருந்தது. கெசையா ஈரத்துணிகளுக்கு அடியில் குனிந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"உள்ள வா, ஹாரியட்."

"தண்ணி ஆறிரும்க்கா."

"ஆறட்டும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். கெசையா உட்காரவில்லை.

"அந்த விரிப்ப ஊறப் போட்டியா?"

ஹாரியட் கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊறப் போடல."

"துவைச்சியா?"

"இல்ல."

ஹாரியட் பாவாடையிலிருந்து கையை எடுத்தாள்.

"தலையணை உறையில அவ முடி ஒண்ணு ஒட்டியிருந்துச்சுக்கா. எடுத்துட்டுத் துவைக்கலாம்னு பாத்தேன். மூக்குல வச்சுப் பாத்தேன். அவ வாசனை அப்படியே இருந்துச்சு. சோப்புத் தண்ணியில போட்டா அது போயிரும்ல. நாலு நாள் அதை வச்சிக்கிட்டுத்தான் படுத்தேன். வெள்ளிக்கெழம குடுக்கணுமே, என்ன பண்றது? நீ வச்சிருப்பியே அந்தப் பூவை ரெண்டு வச்சு, இஸ்திரி போட்டு மடிச்சேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு. நீதான் பிரிச்சுப் பாக்க மாட்டியே."

"மாட்டேன்."

"ஏன்க்கா கேக்கற?"

கெசையா சொன்னாள். தேதிகளையும் வீடுகளையும் மட்டும் சொன்னாள். ஹாரியட் அடுப்புப் பக்கம் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரிக்பி வீட்டுப் பையனா?"

"ம்."

"ஏடாவுமா?"

"ம்."

ஹாரியட், "ரிக்பி மவ எதுத்த வீட்டுக்காரிக்கா," என்றாள். "கதவத் தொறந்தா அவ மூஞ்சிதான். ஒண்ணா வேலைக்குப் போறோம். ஒரே தறிக்கூடம். அவளுக்குத் தெரிஞ்சா நான் எங்க போவேன்? எம் மவனை எங்க வச்சுக்குவேன்?"

"ஏமோஸ் எங்க போவான்?"

"வியாழக்கிழமை சொல்லப்போறியா?"

"சொல்லாம எப்படி இருக்கறது? அவன் பாலத் தப்புன்னு எழுதிக் குடுத்தவ நான்."

ஹாரியட் அழவில்லை. வெளியே துணியைப் பார்க்க வேண்டும் என்றாள். தொட்டித் தண்ணீர் ஆறியிருந்தது. மறுபடி சுட வைத்தாள்.

சுகாதாரக் குழு கூடியது மாலை ஐந்து மணிக்கு. நீளமான மேசை, கேஸ் விளக்கு, ஏழு பேர். தலைவர் மூன்றாவது மில்லின் முதலாளி ஹார்கிரீவ்ஸ். ஷார்பிள்ஸ் கதவோரம் நின்றான், தொப்பியைப் புதிதாக வாங்கியிருந்தான். டாக்டர் வரைபடத்தை மாட்டிப் பேசி முடித்ததும் கெசையா எழுந்தாள். அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வீடு பார்க்கும் பெண்கள் குழுவில் பேசுவதில்லை.

"பால் இல்லைங்க. துணி," என்றாள்.

"என்ன துணி?" என்றார் தலைவர்.

அவள் மூன்று வீடுகளையும் சொன்னாள். டின் பாலைச் சொன்னாள். டாக்டர் முதலில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கால்வாய்ச் சந்து வந்தபோது நிமிர்ந்தார். சொல்லி முடித்ததும் அவர்தான் முதலில் கேட்டார்.

"கார்பாலிக்ல ஊறப் போடலையா?"

"போடல."

"ஆஸ்பின் வீட்டுல யாரு துவைச்சது?"

"யாரும் துவைக்கல. பிள்ளையப் பறிகொடுத்த வீட்டுல போய்த் துவைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நான் பாத்துக்கறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். பாத்துக்கல. அப்படியே இழுப்பறையில வச்சிட்டேன்."

"நீயா?" என்றார் டாக்டர். அவளோடு ஏறக்குறைய ஒரு வருடம் வேலை பார்த்தவர். அழுக்குத் துணியை அவள் இழுப்பறையில் வைப்பாள் என்று நம்ப அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார்.

"ஊர் முழுக்க மத்தவங்களுக்குப் புத்தி சொல்லிட்டு, வீட்டுல காய்ச்சலப் பூட்டி வச்சிருந்திருக்க," என்றார் தலைவர்.

"ஆமாங்க."

இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஷார்பிள்ஸின் பதிவு ரத்தாகவில்லை. கெசையாவை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு வேண்டாம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டதால் வழக்கு இல்லை. விரிப்பை எரிக்க உத்தரவு. காய்ச்சலில் செத்தவர்களை வீட்டில் வைக்கக் கூடாது, பிணவறை கட்ட வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள்.

படிக்கட்டில் ஷார்பிள்ஸ் அவளுக்காக நின்றான்.

"ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

"ஒரு வாரம் முன்னாடி எனக்குத் தெரியாது, ஏமோஸ்."

"பாலைக் கவுத்தவங்களுக்கும் தெரியாதுதான்," என்றான். திட்டவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

எங்கள் பத்திரிகை செய்தியை ஆறாம் பக்கத்தில் ஐந்து வரியில் போட்டது. பால் சுத்தமானது என்பதற்கு அதில் ஒரு வரி. முதல் பக்கத்தில் படித்ததை ஆறாம் பக்கம் அழிக்காது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஷார்பிள்ஸின் வண்டி மறுபடி வந்தது. பாதிக் கதவுகள் திறக்கவில்லை. வசந்தத்தில் பசுக்களை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனான்.

விரிப்பை எரிக்க ஆள் வந்தபோது, டாக்டர் வேறொன்று சொல்லி அனுப்பியிருந்தார். நோய்த்துணிகளைச் சூட்டில் சுத்தம் செய்யும் புது வெப்ப அடுப்பில் வைத்து எடுத்தால் துணி பிழைக்கும், லேஸுக்குக்கூட ஒன்றும் ஆகாது, வேண்டுமானால் தலைவரிடம் பேசுகிறேன் என்று. கெசையா வேண்டாம் என்றாள். தானே கொண்டுபோய் மில் கொதிகலன் அடுப்பில் போட்டாள். தைத்த பன்னிரண்டு பேரில் ஆறு பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

தெரு அவளை அடிக்கவில்லை, கல் எறியவில்லை. கதவைத் தட்டுவதை நிறுத்திக்கொண்டது. ரிக்பியின் மகள் மட்டும் ஒரு தடவை நேரில் கேட்டாள்.

"எம் பையன அதுல படுக்க வச்சப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான உன்ன வச்சிருந்தாங்க."

கெசையா ஆமாம் என்றாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டைக் காலி செய்து ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அறையில் குடிபோனாள். பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலை செய்தாள்.

அவள் வேலைக்கு ஆள் வேண்டும் என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டியபோது மனுப் போட்டவர்கள் மூன்று பேர். ஹாரியட் ஆஸ்பினுக்குக் கிடைத்தது. பன்னிரண்டு வருடமாக அவள்தான் பார்க்கிறாள். காய்ச்சல் வீட்டில் ஒரு கந்தல் துணியைக்கூடக் கொதிக்க வைக்காமல் விடுவதில்லை என்று பெயர். சாவு வீட்டில் தாய்மாரிடம் துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள், கல் மனசுக்காரி என்று சொல்வார்கள். இரண்டு பெண்களும் ஒரே தேவாலயத்துக்குத்தான் போனார்கள். ஒருத்தி இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம். பேசிக்கொண்டதில்லை.

இந்த வருடம், 1894 மார்ச்சில், ஹாரியட் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். மரண அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றாள். கெசையா கிரிம்ஷா, அறுபது வயது, டைபாய்டு. மூன்று வரி எழுதிக்கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"இன்னும் இருக்குங்க. அதையும் போடணும்," என்றாள்.

திங்கட்கிழமை தொட்டித் தண்ணீர் ஆறிய கதையை அப்போதுதான் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள்.

"இதப் போட்டா உங்க வேலை போகும்," என்றேன்.

"போகட்டுங்க. ரிக்பி மவகிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கதவச் சாத்திட்டா."

கெசையாவின் பக்கத்தில் உட்கார அவளை விட்டார்களா என்று கேட்டேன். இல்லை. காய்ச்சலில் செத்தவர்கள் நேராகப் பிணவறைக்குத்தான் போக வேண்டும், அது 1881இன் தீர்மானம். துத்தநாகத் தகட்டு மேசையில், மேலே ஒரு தார்ப்பாய். செத்த மறுநாள் காலை புதைத்துவிட்டார்கள். நெற்றியைத் தொட யாரையும் விடவில்லை.

என்னிடம் சொல்லிவிட்டு ஹாரியட் அன்று மதியம் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் கெசையாவின் அறையைக் கார்பாலிக் ஊற்றிக் கழுவினாள். படுக்கைத் துணிகளை வாளியில் போட்டுக் கொதிக்க வைத்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புதன்கிழமை அந்த அறைக்கு வேறு குடும்பம் குடிவந்தது.